வெந்நீரில் கரைத்த பொடி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் பசுக்களும் சுகம். உன் அப்பா மட்டும் திருட்டுப் பூனை மாதிரி நடமாடுகிறார். காரணத்தைச் சொல்கிறேன், கத்தாதே. நீ கத்துவாய் என்றுதான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

மழையில் நனைந்த சோளத்தில் பூசணம் பிடித்து, அந்த நஞ்சு பாலில் இறங்கியதால் பால் சொசைட்டியில் நம் பாலைத் திருப்பி அனுப்பினார்கள் அல்லவா? நஞ்சை உடைக்க உங்கள் ஆய்வகத்தில் உருவாக்கிய என்சைம் பொடியை அனுப்பினாய். தீவனத்தில் கலந்து கொடுத்தும் பால் தேறவில்லை. தோற்றுவிட்டேன், இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதாய். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நானே கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். மனிதர் பொன்னை நிறுப்பதுபோல் பொடியை நிறுத்து, தீவனத்தில் கலந்து, அதன்மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றுகிறார்! பொடியைச் சூட்டில் காட்டக்கூடாது என்று பிள்ளை படித்துப் படித்துச் சொன்னாளே என்றேன். "அடுப்புல வைக்கக்கூடாதுன்னுதானே சொன்னா? நான் அடுப்புலயா வெச்சேன்? குளிர்ல பச்சத்தண்ணி குடிச்சா அதுங்களுக்கு வயிறு என்னத்துக்காகும்?" என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மிச்சமிருந்த பொடியைப் பச்சைத் தண்ணீரில் நானே கலந்து ஒரு வாரம் கொடுத்தேன். பால் தேறிவிட்டது. இப்போது தினமும் எடுத்துக்கொள்கிறார்கள். உன் பொடியில் ஒரு குறையும் இல்லை. அப்பாவை ஒன்றும் சொல்லாதே. யானைக்கும் அடி சறுக்கும் என்று அவரே தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. பால் தேறிய அன்றே உனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ வந்துவிடுவாய் என்று உன் அறையை ஒட்டடை அடித்து, மெத்தையை வெயிலில் காயவைத்தேன். அவ்வளவு ஆசையாக இருந்தது. பெற்றவள் செய்கிற காரியமா இது என்று மனசு குத்தியதால் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வேலையை விட்டுவிடாதே, கண்ணு. வீட்டுக்கு வரவேண்டுமென்றால் தோற்றுப்போய்த்தான் வரவேண்டுமா? ஜெயித்துவிட்டு, லீவு போட்டுவிட்டு வா.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
அம்மா