தூணில் கட்டாத பிள்ளை

என் பாவாயிக்கு,

நீ போன இடத்துக்கு இங்கிருந்து சத்தம் கேட்குமா? கேட்குமானால் இந்நேரம் உன் மகளின் குரல் உன்னை எட்டியிருக்கும். பிரசவக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் கிடந்த வள்ளி இப்போது தவழ ஆரம்பித்துவிட்டாள். ராசிபுரத்தில் நம் நெசவாளர் தெரு முழுக்க இப்போது அதே பேச்சுத்தான். அந்தத் தெருவும் கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தறிக்குழி, அடுப்பு, கஞ்சிச் சட்டி என்று எங்கெல்லாம் போகக்கூடாதோ அங்கெல்லாம் அவளுக்கு வேலை இருக்கிறது. தடுத்துத் தூக்கினால் உடம்பை வில்லாக வளைக்கிறாள். மூச்சை அடக்கி, முகம் சிவந்து, பிறகு ஒரு கத்து. தரையில் மண்டையை மோதப் பார்க்கிறாள். இத்தனை கோபம் யாரிடமிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. உன்னோடு குடித்தனம் நடத்தியவன் நான்.

போன வாரம் தெருவில் பாவு போட்டோம். யுத்தம் வந்ததிலிருந்து நூல் கிடைப்பதே பெரும்பாடு, உனக்குத் தெரியும். இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ஆளுக்கொரு பக்கம் நின்று நீவிக்கொண்டிருந்தோம். வள்ளி எங்கள் கால்களுக்கிடையே புகுந்து பாவுக்கு அடியில் போய், கை நிறைய இழையைப் பிடித்துத் தொங்கிவிட்டாள். அறுந்தது என் நூல். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டுதான் வந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். அதற்கு அவள் போட்ட கூச்சலில் எல்லார் கையும் அப்படியே நின்றுவிட்டது.

ஆம்பளை கையில் பிள்ளை வளர்ந்தால் இப்படித்தான் என்றார் ஒருவர். கடுகளவு அபின் கொடுத்தால் பொழுது சாயும்வரை தூங்குவாள் என்றார் இன்னொருவர். எனக்கு ஒத்தாசைக்கென்று திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த என் அக்காள், நீ பாவு வேலையைப் பார் என்று சொல்லி வள்ளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வேலை முடிந்து நான் வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. உள்ளே ஓடினேன். நடுத்தூணில் உன் நீலச் சேலையின் கிழிசல் கட்டியிருந்தது. அதன் மறுமுனை வள்ளியின் கணுக்காலில் இருந்தது. துணி எட்டும் தூரம்வரை இழுத்துப் பார்த்துவிட்டுக் குப்புறக் கிடந்தாள். என்னைப் பார்த்தும் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, பாவாயி.

வள்ளி வயிற்றில் இருந்தபோது உன் காலை என் மடியில் போட்டு, கணுக்காலைச் சுற்றியிருந்த தழும்பைக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? "எங்கூட்டுல எல்லாத்தையும் தறிக் கம்பத்துல கட்டித்தான் வளத்தாங்க. எம்புள்ளையக் கட்டுனீங்கன்னா பாருங்க மாமா" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

முடிச்சை அவிழ்த்தேன். அக்காள் பொல்லாதவள் இல்லை. நூல் கயிறு அறுக்கும் என்று தேடிப்பிடித்து, தாயின் வாசம் இருக்கும் சேலையாகப் பார்த்துக் கட்டியிருக்கிறாள். குழியில் விழுந்து மண்டை உடைந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். இனிமேல் கட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

"உன்னையும் இப்படித்தான் கட்டி வளத்தோம் சாமி. ஆத்தா நூலத் தாருல சுத்தோணும், அப்பன் தறியில. நாந்தான் கட்டுவேன். நானே அப்பச் சின்னப் புள்ளை. நீ கத்துன கத்து இன்னும் காதுலயே கெடக்குது."

"அப்ப இவ கத்தையும் எதுக்குங்க அக்கா சேத்துச் சொமக்கறீங்க?"

மறுநாள் காலையில் வண்டி ஏறும்போது, ஊரே சிரிக்கிறது என்றாள். சிரிக்கட்டும் என்றேன். அந்தக் கிழிசல் துணியைத் தன் மூட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். எதற்காக எடுத்துப் போனாள்? நான் கேட்கவில்லை.

இப்போது நான் தறியை விட்டு எழுந்தால் குழியைப் பழைய கதவொன்றால் மூடிவிடுகிறேன். தறியில் உட்கார்ந்திருக்கும்போது அவள் என் கை எட்டும் தூரத்தில் இருக்கிறாள். எட்டாத தூரத்துக்குப் போனால் தறியில் ஓடும் நாடா நிற்கிறது. கோபம் வந்தால் அவள் தலைக்கடியில் கையை வைத்துக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்துவிடுகிறேன். "கத்து சாமி, அப்பன் இங்கதான் இருக்கறேன்" என்பேன். மிரட்டுவதில்லை, பூச்சாண்டி காட்டுவதில்லை. கத்தி ஓய்ந்ததும் அவளே ஊர்ந்து வந்து மடியில் ஏறிக்கொள்கிறாள். மூக்குச் சளியை என் வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி குழிப் பக்கம் கிளம்புகிறாள்.

துணி முன்போல் இறங்குவதில்லை. நூல் கொடுக்கும் முதலாளி முகத்தைச் சுளிக்கிறார். பொட்டச்சி வேலை பார்க்கிறவன் என்று தெருமுனையில் பேசுவது என் காதிலும் விழுகிறது. பேசுகிறவர்கள் எல்லாருடைய காலையும் நான் இப்போது பார்க்கிறேன். பாதிப் பேர் கணுக்காலில் அந்தத் தழும்புக் கோடு இருக்கிறது.

நீ இருந்திருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். நீயே பேசியிருப்பாய், தெரு வாயை மூடியிருக்கும். எனக்கு அந்தத் திறமை இல்லை. பிடிவாதம் மட்டும் இருக்கிறது. அதையும் உன் மகளிடம்தான் கற்றுக்கொண்டு வருகிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தத் தழும்பு உன்னோடு போனது போனதுதான். வள்ளியின் காலில் கொலுசு மட்டும்தான் ஏறும். அதையும் அவள் பிடுங்கி எறிந்தால், எறியட்டும்.

இப்படிக்கு,
நீ கத்தக் கற்றுக்கொடுக்காமலே கத்தத் தெரிந்துகொண்ட உன் மகளின் அப்பன்