ஆறில் நான்கு

ஜூலை 8

அன்புள்ள மகளுக்கு,

நலம்தானே? வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நாளைக்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று உன் காற்றாலை அலுவலகத்திலிருந்து தினமும் நீ அனுப்பும் எண்ணை வைத்துத்தான் எங்கள் அட்டை ஆலையின் வேலையைத் திட்டமிடுகிறேன். காற்று இருக்கும்போது பழைய காகிதத்தைக் கூழாக அரைத்துத் தொட்டியில் நிரப்புவது. இல்லாதபோது அந்தக் கூழில் அட்டை போடுவது. யோசனை என்னுடையது. ஏன் சொன்னோம் என்றிருக்கிறது. அரைக்கும் மிஷின் ஆறு. ஒரு நாளும் நான்குக்கு மேல் ஓடவில்லை. நேற்று ஃபோர்மேன் எல்லார் முன்னாலும், "சார், வெளிய காத்து சட்டையக் கழட்டுது. இங்க ரெண்டு மிஷின் குறட்டை விடுது. எழுப்பட்டுமா, தாலாட்டட்டுமா?" என்றார்.

மாதக் கடைசிக்குள் ஆறும் ஒரு நாள் முழுக்க ஓடாவிட்டால் டீசலுக்கே திரும்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். உங்கள் பக்கம் காற்றே அவ்வளவுதானா? கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா

ஜூலை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபம்தான். காற்று இல்லையா? நேற்று மட்டும் மூன்று காற்றாலைகளை நிறுத்தி வைத்தோம். நான் ஐந்நூறு கிலோவாட் என்று அனுப்பினால் நீங்கள் நானூறுதான் எடுக்கிறீர்கள். "உங்கப்பா ஃபேக்டரிக்குப் பசியே எடுக்காதாம்மா?" என்கிறார் என் மேலதிகாரி. ஒரு மிஷினுக்கு நூறு என்றால் ஐந்தாவது ஓட வேண்டாமா?

வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பாதி உண்மை.

உங்கள் மகள்

ஜூலை 16

அன்புள்ள மகளுக்கு,

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். உன் எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் திட்டம் எழுதுகிறேன். நடுவில் காற்று விழுந்தால் கூழ் அடியில் இறுகிவிடும். எட்டுப் பேர் இறங்கிச் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது என் முகத்தைப் பார்ப்பார்கள். "உங்களுக்கு வீட்டுக்குள்ளயே குடை வேணும்" என்கிறாள் உன் அம்மா.

ஆனால் கழிக்காவிட்டாலும் ஐந்துதானே வருகிறது? ஆறாவதற்கான காற்று எங்கே? மூன்று முறை போட்டுப் பார்த்தேன். என் கணக்கில்தான் எங்கோ தவறு இருக்கும்.

அப்பா

ஜூலை 20

அப்பா,

தவறு உங்கள் கணக்கில் இல்லை. இதை எழுதி எழுதிக் கிழித்தேன். நானும் கழிக்கிறேன். அறுநூற்று இருபது வந்தால் ஐந்நூறு என்று அனுப்புகிறேன். சொன்னது வராமல் போய் நீங்கள் அங்கே தலைகுனிந்து நிற்கக் கூடாதே என்று. நீங்கள் அதிலும் கை வைப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உடனே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். இருபத்தாறாம் தேதி வரை காற்று மந்தம். அதன் பிறகு நன்றாக வீசும். இனி வருவதை வந்தபடியே அனுப்புவேன். கெஞ்சிக் கேட்கிறேன், கழிக்காதீர்கள்.

மகள்

ஜூலை 30

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் 23-ஆம் தேதி வந்தது. அன்றே முதலாளி அறைக்குப் போனேன். யாரோ உள்ளே இருந்தார்கள். மறுநாள் அவர் போனில் இருந்தார். அதற்கடுத்த நாள் தனியாகத்தான் இருந்தார், அன்றும் திரும்பிவிட்டேன்.

26-ஆம் தேதி நீ அறுநூற்றுப் பத்து அனுப்பினாய். மறுநாளுக்கு ஆறு என்று எழுதப் போய் ஐந்து என்று எழுதினேன்.

28-ஆம் தேதி காலை உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன், கழித்தது நான் என்று. உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை. "என்ன சார் நீங்க! நேத்து அவ்வளவு காத்துலயும் அஞ்சுதானே ஓடிச்சு? அதப் பாத்துட்டுத்தான், இனி மாசக் கடைசி வரைக்கும் காத்திருந்து என்ன ஆகப்போகுதுன்னு சாயங்காலமே டீசலுக்குக் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

நேற்றைக்கு ஆறு என்று எழுதியிருந்தேன். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை ஆறும் ஓடின. ஒருமுறைகூட நிற்கவில்லை. இன்று டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். வெளியே நல்ல காற்று.

காற்றுக்குப் பயந்தேன், ஆட்களுக்குப் பயந்தேன் என்றெல்லாம் இதுவரை சொல்லிக்கொண்டேன். 26-ஆம் தேதி அப்படியில்லை. அன்று நான் உன்னை நம்பவில்லை. அதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அப்பா