கருப்பியின் இரண்டாவது குட்டி

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை, மூன்றாவது நாள். பட்டிக்குள் கணுக்கால் தண்ணீர். குடோனில் கழித்துப் போட்ட மரப்பலகை எட்டு இழுத்து வந்து, அடியில் செங்கல் கொடுத்து மேடை போட்டேன். ஆடு ஏழும் இப்போது மேலே. இடுப்பு நிமிரவில்லை.

ஏழில் நான்கு சினை. கருப்பிக்கு மடி இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ. சுட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும். மூக்கறுத்தாளுக்கும் இன்னொரு ஆட்டுக்கும் நாள் தெரியவில்லை.

போன மழைக்கு ஐந்து குட்டி செத்தது. ஈரம், கழிச்சல், ஒன்று மாற்றி ஒன்று. நான் காய்ச்சலில் கிடந்தேன். ஐந்தையும் கழிமுகத்து ஓரம் குழி தோண்டிப் புதைத்தது பேச்சி. வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இனி நான் பட்டிக்குள்ள கால் வைக்க மாட்டேன். அடுத்த மழையிலயும் இப்பிடின்னா அத்தனையும் கொடுத்திருங்க." கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், சொன்ன சொல்லை அவள் மாற்றிப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து பட்டிப் பக்கமே வரவில்லை.

இந்த மழையில் ஒன்றையும் விடுவதாயில்லை. அதற்குத்தான் இந்த நோட்டு. மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா இந்தியில் சொன்னது: "ரோஜ் லிக்கோ, காகா." தினமும் எழுது என்று. எழுதுகிறேன்.

வாங்க வேண்டியது: அயோடின், பால்புட்டிக்கு ரப்பர் 2, சுண்ணாம்பு, வெல்லம், கையுறை.

ஜூலை 9, புதன்

பகல் பதினொன்றரைக்குக் கருப்பி ஈன்றது. இரட்டை, இரண்டும் கிடாய். முதல் குட்டி 2.8 கிலோ, அரை மணியில் எழுந்து நின்றது. இரண்டாவது 1.7. கோழி கனம்.

தொப்புளுக்கு அயோடின் வைத்தாயிற்று, இரண்டுக்கும். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்தது.

பெரியதை நக்கிக்கொண்டே இருந்தாள். சின்னதைக் கொண்டு வைத்தால் தலையால் முட்டித் தள்ளினாள். மூன்று தடவை வைத்துப் பார்த்தேன், மூன்று தடவையும் முட்டு. மடியைப் பிடித்ததும் காரணம் தெரிந்துவிட்டது. வலது பக்கம் கல்லு மாதிரி, கொதிக்கிறது. பீய்ச்சினால் திரிதிரியாக வருகிறது. மடி நோய்.

டாக்டரம்மாவுக்கு போன். மூன்று மணிக்கு மழைக்கோட்டோடு அவரே வந்துவிட்டார். ஊசி போட்டார், மறுநாளைக்குப் போட மருந்தும் கொடுத்தார். கெட்ட பக்கத்தை நாளுக்கு நாலு தடவை கறந்து தூரக் கொட்டணும். பெரியது நல்ல காம்பில் குடிக்கட்டும். சின்னதுக்குப் புட்டி. ஒரு காம்பை நம்பி இரண்டு குட்டி வளராது என்றார்.

நல்ல பக்கத்துச் சீம்பால் கொஞ்சம் கறந்து சின்னதுக்கு ஊட்டினேன். பாதி வெளியே.

பேச்சி வேலைக்குப் போன வீட்டிலிருந்து வந்து, வாசலில் நின்றபடியே கேட்டாள். "எத்தன?"

"ரெண்டு."

"ரெண்டும் நிக்குதா?"

நான் புட்டியைக் கழுவத் திரும்பினேன். உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

காலையில் சின்னதின் வாயில் விரல் வைத்தேன், உள்ளே சில்லென்று இருந்தது. சப்பவில்லை. குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊட்டினால் செத்துப்போகும், முதலில் சூடு ஏற்று என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. போன வருஷம் காய்ச்சலில் விழுமுன் இதைத்தான் தப்பாகச் செய்தேன். அட்டைப் பெட்டி, பழைய போர்வை, வெந்நீர் ஊற்றிய இரண்டு பாட்டில். ஒன்றரை மணி நேரம் காலுக்கு நடுவில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்கு வாயில் சூடு வந்தது. அப்புறம் பால். குடித்தது.

கருப்பிக்குக் காய்ச்சல் குறையவில்லை. தீனி பாதி.

பேச்சி சோறு போடும்போது: "நீங்க இன்னும் சாப்பிடல. அது சாப்ட்டுதா?"

"சாப்ட்டுது."

"ம்."

ஜூலை 11, வெள்ளி

இன்றைக்கு எழுதக் கை வரவில்லை. எழுதணும்.

கருப்பிக்கு ஊசி மருந்து தீர்ந்தது. பத்து மணிக்கு அதை வாங்கச் செம்பூர் போனேன். மழையில் பஸ் நகரவில்லை. திரும்பும்போது ஒரு மணி. சுட்டி நாலு நாள் முந்திவிட்டாள். பலகையில் சரிந்து கிடந்து முக்குகிறாள், ஒரு கால் மட்டும் வெளியே. வீட்டில் யாரும் இல்லை. கையுறை போட்டு உள்ளே விட்டுப் பார்த்தேன். மற்றக் கால் மடங்கிக் கிடந்தது. தள்ளி நிமிர்த்தி இழுத்தேன். வந்தது. உயிர் இல்லை. பெட்டைக் குட்டி, நல்ல வளர்த்தி. அரை மணி முன்னால் வந்திருந்தால்.

சுட்டி எழுந்து அதை நக்க ஆரம்பித்தாள். நக்கிவிட்டுக் கூப்பிடுகிறாள். திரும்ப நக்குகிறாள். மடி நிறையப் பால்.

பெட்டிக்குள் சின்னது கத்தியது. அப்போதுதான் தோன்றியது. செத்ததன் தோலைச் சின்னதுக்குப் போர்த்தினால் சுட்டி சேர்த்துக்கொள்வாளா என்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். நோயில் செத்த குட்டியா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை, பேறு சிக்கித்தான் என்றேன். சரி, செய்து பாருங்கள், இரண்டு மூன்று நாளில் கழற்றிவிடணும் என்றார்.

தாராவியில் இருபத்திரண்டு வருஷம் தோல் வெட்டியவன் நான். எத்தனை ஆயிரம் தோல் இந்தக் கை வழியே போயிருக்கும். இன்றைக்கு ஒரு குட்டித் தோலை உரிக்கக் கத்தியை இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தேன். கழுத்திலிருந்து வால் வரை ஒரே உறையாக எடுத்தேன். கால் நுழைய நாலு ஓட்டை. வாலைத் தோலோடே விட்டுவிட்டேன், ஆடு மோந்து பார்ப்பது அங்கேதான். சின்னதுக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி மாட்டி, சுட்டியிடம் விட்டேன்.

மோந்தாள். பின்னால் போனாள். காலால் தரையை உதைத்தாள். திரும்ப வந்து வாலடியில் மோந்தாள். தொண்டைக்குள் ஒரு சத்தம், குட்டியிடம் மட்டும் போடுகிற சத்தம். சின்னது முட்டி முட்டிக் காம்பைப் பிடித்துவிட்டது.

நான் பலகையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

மூன்றரைக்குப் பேச்சி. வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தாள். "என்னது அது, குட்டி மேல குட்டி?" சொன்னேன். முகம் மாறியது. "செத்தத உரிச்சு உசுரோட உள்ளதுக்குப் போர்த்துதீகளா? பாவமில்லையா?"

"தாய்க்குப் பிள்ள இல்ல, பிள்ளைக்குத் தாய் இல்ல. நான் வேற என்ன செய்ய, பேச்சி?"

குடையோடு வேலியை ஒட்டி வந்து நின்றாள். சின்னது வாலை ஆட்டி ஆட்டிக் குடித்ததை அவளும் பார்த்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டு விட்டு. நேற்று எழுதவில்லை, நாள் பூராவும் பட்டியில். தோல் நாற ஆரம்பித்துவிட்டது. காலையில் பின்பாதியை வெட்டி எடுத்தேன். சுட்டி மோந்தாள், சந்தேகமாக ஒரு முட்டு, அப்புறம் விட்டுவிட்டாள். சின்னது 2.1.

கருப்பிக்குக் காய்ச்சல் இல்லை. வலது மடி இனி பால் தராது என்கிறார் டாக்டரம்மா. பெரியதுக்கு இடது போதும்.

குளம்பு பார்த்தது: ஏழு ஆடும். இரண்டுக்கு இடுக்கில் புண், சீவி மருந்து வைத்தேன். பலகை கழுவிச் சுண்ணாம்பு தூவியாயிற்று. கழிச்சல் எதற்கும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

தூறல். பேச்சிக்கு லீவு, வேலை செய்கிற வீட்டார் ஊருக்குப் போயிருக்கிறார்கள்.

மிச்சத் தோலையும் கழற்றினேன். சின்னது வெறும் உடம்பாக நின்றது. சுட்டி மோந்தாள், மோந்தாள், ஓங்கி ஒரு முட்டு. குட்டி பலகையிலிருந்து கீழே சேற்றில். தூக்கி வைத்தேன். மறுபடியும் முட்டு. ஆட்டைப் பிடித்தால் குட்டியை விடணும், குட்டியைப் பிடித்தால் ஆடு திரும்புகிறது. இரண்டு கை போதவில்லை.

பின்னால் தகரக் கதவு சத்தம். பேச்சி. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். சுட்டியின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிச் சுவரோடு சாய்த்தாள். "குட்டிய விடுங்க" என்றாள். விட்டேன். குடித்தது. அப்புறம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இதே மாதிரி. நாலு மணிக்குக் குடிக்கும்போது அந்தத் தொண்டைச் சத்தம் மறுபடியும் வந்தது. பேச்சி மெல்லக் கையை எடுத்தாள். சுட்டி நகரவில்லை. குட்டியின் வாலடியை நக்கினாள்.

"நாளைக்கும் பிடிக்கணுமோ?" என்று கேட்டேன்.

"பிடிக்கேன்."

சின்னது 2.3. கருப்பி தீனி முழுசும் தின்றுவிட்டாள். இன்னும் இரண்டு சினை பாக்கி. வெல்லத் தண்ணீர் வைத்தேன்

பேச்சி பட்டியிலிருந்து கூப்பிடுகிறாள். மூக்கறுத்தாள் தனியாக மூலையில் போய் நின்று தரையைப் பறிக்கிறாளாம், வலி வந்துவிட்டது போல. கையுறை எங்கே என்கிறாள்.