எட்டுச் சிவப்பு

வியாழன், இரவு.

விடியக் கறண்ட் போய் வந்தகையோட போனைப் பார்த்தா, கெம்பஸ் சேர்வர் எட்டும் செத்துப் போச்செண்டு சிவப்பாக் கிடந்திச்சு. நாளைக்குச் சோதினை ரிசல்ட் போடணும். கிரான் வீட்டிலிருந்து வந்தாறுமூலைக் கெம்பஸுக்கு மழைக்குள்ள ஸ்கூட்டியில பறந்தன்.

சேர்வர் அறையில என்னோட வேலை செய்யுற றிபாஸ் நானா சிரிச்சார். “எல்லாம் ஓடுது புள்ள. நீ போட்ட ஏஜென்ட்தான் எழும்பல்ல.”

சேர்வர் உயிரோட இருக்கா எண்டு பார்த்துச் சொல்லுற புரோகிராம் அது. போன கிழமை நான்தான் போட்டன். சேர்வர் எழும்பக்குள்ள அதுவும் தானா எழும்ப ஒரு கட்டளை குடுக்கணும். எட்டிலயும் மறந்திட்டன். இண்டைக்குக் குடுத்து, ஒரு சேர்வரை நிப்பாட்டி எழுப்பிப் பார்த்தன். பச்சை. அப்பதான் மூச்சு வந்திச்சு. என்ட பிழையை நானா மேலதிகாரிகள் ஒருத்தருக்கும் சொல்லல்ல.

திரும்ப மழை பிடிக்குது. கறண்ட் போனாப் போகட்டும். ஆனா ரிசல்ட் போட்ட பிறகு போகட்டும்.