டாக்டர் உன்னைத்தான் கேட்கச் சொன்னார்

வல்லத்திராக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அமுதவல்லிக்கு,

அத்தை அமராவதி எழுதுகிறேன். போனில் என் பெயரைக் கண்டால் நீ எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. திருப்பூரில் உன் அண்ணன் வீட்டில் நீ நலமாக இருக்க வேண்டும். இதை முழுவதும் படித்துவிடு. பிறகு கிழிப்பதானால் கிழித்துவிடு.

உன் கணவன் கோபிநாத்தின் மூளையில் கட்டி இருக்கிறது. புற்றுநோய் இல்லை. மூளையை மூடியிருக்கும் சவ்வில் வளர்ந்து, நெற்றிக்குப் பின்னால் எலுமிச்சை அளவில் அழுத்துகிறதாம்.

தெரிய வந்த விதத்தை நீ அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது. கருப்பர் கோயில் படையலன்று காலையிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கொட்டுச் சத்தம் கேட்டதும் உடம்பு உதறியது. சாமி வந்துவிட்டது என்று மாலை போட்டு, கையில் அரிவாளையும் கொடுத்தார்கள். கன்னியாஸ்திரீகளிடம் படித்த நானும் கைகூப்பித்தான் நின்றேன். உன் சின்ன மாமனார் ஆண்டியப்பன் காலில் விழுந்து, "எங் குடும்பத்துல என்ன கொறைய்யா, சொல்லுய்யா" என்று குறி கேட்டார். இவன் அரிவாளை ஓங்கி அவர் தோளில் இறக்கினான். எலும்பு தெரிந்தது. அப்போதும் கூட்டம் "கருப்பரு காவு கேக்குறாரு" என்றதே தவிர, ஒருவரும் பிடிக்கவில்லை. அடுத்த வெட்டு கல்தூணில் பட்டதால் அவர் பிழைத்தார். அதற்குள் இவனுக்கு வலிப்பு வந்து, நாக்கு துண்டாகிவிடும் அளவுக்குக் கடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் ஸ்கேன் எடுத்தபோதுதான் கட்டி தெரிந்தது.

ஆண்டியப்பன் தையலோடு படுத்துக்கொண்டு, "கருப்பரு வெட்டுனாருன்னா பெருமையாச் சொல்லிக்கிருவேன் மதினி. கட்டி வெட்டுச்சுன்னு எவன்கிட்ட சொல்றது" என்கிறார். மண்டையைத் திறக்க மட்டும் ஒப்பவே கூடாதாம்.

எனக்கு அறுவை சிகிச்சைதான் சரியென்று படுகிறது. அதில் வாசனை தெரியாமல் போகலாம், ஒரு கண் போகலாம், உயிரும் போகலாம் என்று திருச்சி டாக்டர் மறைக்காமல் சொன்னார். கதிர்வீச்சு வைத்தால் வளர்ச்சி நிற்கக்கூடும். ஆனால் உள்ளே வீங்கி, முதலில் மூர்க்கம் கூடவும் செய்யலாம். வலிப்பு மாத்திரை மட்டும் கொடுத்து, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வழி.

பிறகு அவர் ஒன்று கேட்டார். இந்த மூர்க்கம் எப்போது தொடங்கியது? கட்டியோடு வந்த குணமானால் இப்போதே எடுப்பதில் அர்த்தம் உண்டு. முன்பிருந்தே உள்ள குணமென்றால் அதை எந்தக் கத்தியும் மாற்றாது, அவசரப்பட வேண்டாம் என்றார். என் மகன் சமீப காலம் வரை குரலை உயர்த்தியதே இல்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க அம்மா. அவரோட சம்சாரத்தக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். கோபியும், "அவளக் கேளும்மா. எனக்கு எதுவும் நெனப்புல இல்ல" என்று அழுகிறான்.

போன வாரம் மாத்திரையைத் துப்பினான். விழுங்கச் சொல்லி வற்புறுத்தினேன். என் இடது மணிக்கட்டைச் சத்தம் வரும் வரை முறுக்கினான். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கட்டுப் போட்ட நர்ஸ் செவந்தியிடம் சொன்னேன். "ஒங்க மருமகளும் அங்கிட்டுத்தான விழுந்தாக" என்றாள் அவள்.

அவனோடு வாழ வா என்று கேட்டு எழுதவில்லை. யார் அப்படிக் கேட்டாலும் மறுத்துவிடு. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். நீ அவரோடு போனில் பேசினாலும் போதும். முதல் அடி எப்போது விழுந்தது என்று சொல். கல்யாணமான வருடமே என்றால் அதையும் சொல். எனக்காக ஒரு மாதம்கூடத் தள்ளிச் சொல்ல வேண்டாம். நான் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். நீ சொல்வது எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ பயமின்றித் தூங்க வேண்டும், தாயே.

உன் அத்தை,
அமராவதி