பரவால்லீங்க

3, செவ்வாய். காலையிலேயே வெயில்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தரம் பார்க்கும் குழு வருகிறது. பிரசவ அறை கழுவியாயிற்று. குப்பை வாளிகள், சிவப்பு, மஞ்சள், சரி. மின்விசிறி ஒன்று இன்னும் சத்தம்.

நாளை மக்களிடம் குறை கேட்கும் கூட்டம். இங்கே பிள்ளை பெற்றவர்களிடம் வீடு வீடாகக் கேட்டு எழுதிய கருத்துப் படிவங்கள் கைக்கு வந்தன. "நர்ஸ்கள் எப்படி நடந்துகொண்டார்கள்?" அத்தனை பேரும் ஒரே பதில்: பரவால்லீங்க. 'நன்று' கட்டத்தில் டிக் போட்டேன். பின்னே, குறை இருந்தால் சொல்ல மாட்டார்களா?

கவிதாதான் தொல்லை. தறி ஓட்டுகிற பெண். இரண்டாவது பிள்ளை, எட்டாம் மாதம். போன மாதமே பி.பி. ஏறியிருந்தது. இரண்டு செக்கப்புக்கு வரவில்லை. போனும் எடுப்பதில்லை. திமிர்.

4, புதன். மூட்டம். மழை இல்லை.

கூட்டம். டாக்டர் குறை கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் கவிதாவின் அம்மா சரசக்கா. "உங்க பொண்ணு ஏன் வரலை?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன்.

எழுந்தார். "தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். மொதப் பிரசவத்துல கத்துறாள்னு தொடையில அடிச்சீங்க. என்னைய வெளிய தள்ளிக் கதவச் சாத்துனீங்க. அதான் பயப்படுறாளுங்க."

"படிவத்துல பரவாயில்லைன்னு சொன்னீங்களே?"

"உசுரோட ஊடு வந்து சேந்தோம். அதுக்குப் பரவால்லீங்க."

இன்னொருத்தி மெதுவாக, "எனக்குந்தாங்க."

அடித்தேன். ஞாபகம் இருக்கிறது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பதற்றம் என்று எழுதிப் பார்க்கிறேன். அந்தச் சாக்கு நிற்கவில்லை. அவமானமாக இருக்கிறது.

5, வியாழன்.

படிவங்களில் போட்ட டிக் எல்லாவற்றையும் திருத்தினேன். டாக்டர்: "நாளைக்கு டீம் வருதும்மா." வரட்டும்.

மதியம் பி.பி. மெஷினோடு கவிதா வீட்டுக்கு. தறியண்டை நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பின்னால் போனாள். அன்றைக்கு அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"பரவால்லீங்க."

எதுக்குப் பரவால்லை என்று மறுபடி கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு நாளாத் தலைவலிங்க. கண்ணு மங்கலாத் தெரியுதுங்க."

பி.பி. 170/110. 108-ஐக் கூப்பிட்டேன். வண்டியில் நானும் ஏறினேன்.

மாலை, சேலம் பெரிய ஆஸ்பத்திரி. அம்மாவையும் அவளோடு உள்ளே விடுங்கள் என்று நானே கேட்டேன். விட்டார்கள். கதவு சாத்தியாயிற்று. வெளியே நான்.