திரேசியாப் பார்

1934 பிப்ரவரி 5, முட்டம்
மீன் இலாகா அதிகாரியிடமிருந்து மறுபடியும் கடிதம். இந்தக் கடலில் மீன்பிடிக்கும் இடங்களின் பெயர்களையும் பொருளையும் எழுதிக் கொடுத்தால் அச்சிடுவாராம். முகப்பில் போடுவாராம்: ஜேசுதாஸ், பள்ளி ஆசிரியர்.

பிப்ரவரி 9
கட்டுமரக்காரர் கிளீட்டஸ் சொல்லச் சொல்ல எழுதினேன். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறை. மீன் கூடும் இடம். கஞ்சிப்பார் — அங்கே போய்ச் சேரும்போது கஞ்சி குடிக்கிற நேரம். வலைகிழிச்சான் — விளக்கமே வேண்டாம். கரையிலுள்ள கலங்கரை விளக்கமும் கோயில் சிலுவையும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடம் திரேசியாப் பார்.

"எந்தத் திரேசியாள்?"

"மீன்காரி திரேசியாதான் வாத்தியாரே. அவளக் கெட்டின மாப்பிள ரெண்டு பேரும் அங்கதானே முங்கிச் செத்தாவ. ஆளத் தின்னுத பாருக்கு வேற என்ன பேரு வைக்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 12
திரேசியாள் வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றே பேசினாள். "வாயில சொல்லுதத பொறுத்துக்கிடுதேன் வாத்தியாரே. எழுத்துல வேண்டாம். சவேரியாளக் குளச்சல்ல இருந்து பொண்ணு கேட்டிருக்கு." சவேரியாள் அவள் மகள்; என்னிடம் படித்தவள்.
எழுதமாட்டேன் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 14
அந்த ஒரு பெயரில்தான் கதை இருக்கிறது. மற்றதெல்லாம் வெறும் பாறை. வாக்குக் கொடுத்தேனே? — அவளுக்கு எழுத்து தெரியாது. குளச்சலில் யார் படிக்கப் போகிறார்கள்?
எழுதிவிட்டேன். 'கணவர் இருவரைத் தின்ற பெண்ணின் பெயரால் வழங்குவது.'

ஜூலை 20
புத்தகம் வந்தது. என் பெயர் பெரிய எழுத்தில். நாலைந்து முறை பார்த்துக்கொண்டேன். கேள்விப்பட்டுத் திரேசியாளும் வந்தாள்.
"எனக்க பேரு உண்டுமா வாத்தியாரே?"
"இல்லை."
விரித்துக் கிடந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அந்தப் பக்கம்தான்.

ஜூலை 21
பள்ளி உண்டு. தலைவலி.

ஆகஸ்ட் 2
குளச்சல்காரர்கள் கலியாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ புத்தகத்தைப் படித்துக் காட்டினார்களாம். சாயங்காலம் சவேரியாள் தனியாக வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.
"எதுக்கு வேண்டாண்ணு சொன்னாவண்ணு அம்மைக்குத் தெரியாது. நான் வாசிச்சுக் காட்டல்ல. எழுதினது நீங்கதானே, நீங்களே வந்து வாசிச்சுக் குடுங்க."
நாளை வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 3
போகவில்லை.

செப்டம்பர் 17
இப்போது சவேரியாள்தான் மீன்கூடை சுமக்கிறாள். திரேசியாள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம். என் வாசலிலும் சவேரியாள் வந்து நின்று, எல்லாருக்கும் சொல்லுகிற விலையையே சொன்னாள். திரேசியாளுக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்; யார் என்று நான் கேட்கவில்லை. மீன் வாங்கினேன்.
குளச்சல் கடலையும் எழுதித் தரும்படி அதிகாரி கேட்டிருக்கிறார். சரி என்று பதில் போட்டேன்.